பயிற்றுநர் எதுவரை பேசலாம்? கூடைப்பந்துத் திடலில் நடுவரிடம் நடந்துகொள்ளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் காற்பந்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ரப்பர் மரம் வெட்டிய காலத்திலும் சரி, செம்பனைக்கு மாறிய பிறகும் சரி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. அதில் சாயங்காலம் பந்து உருண்டது. கூடைப்பந்தின் கதை வேறு. பட்டணத்துச் சீனப்பள்ளிகளின் சிமெண்டுத் தரையிலும் சீனச் சங்கங்களின் கொட்டகைகளிலும் அது வேரூன்றியது. நம் பிள்ளைகளில் பலர் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே அந்தப் பந்தைக் கையில் எடுக்கிறார்கள். ஆகவே, ஆட்டம் பார்க்க வரும் பெற்றோரின் கண் இன்னமும் காற்பந்துக் கண்ணாகவே இருக்கிறது.

அந்தக் கண்ணுக்குப் புரியாத காட்சி ஒன்று உண்டு. ஆட்டம் விறுவிறுப்பாக நடக்கிறது. நம் அணியின் பயிற்றுநர் எழுந்து நின்று ஏதோ சொல்கிறார். நடுவர் விசில் ஊதி, ஒரு கையை நிமிர்த்தி மறு கையை அதன்மேல் குறுக்கே வைத்துக் காட்டுகிறார். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தனியாகக் கோட்டில் நின்று பந்தைக் கூடைக்குள் எறிகிறார். மற்றவர்கள் விலகி நின்று பார்க்கிறார்கள். கூட்டத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. யாரும் யாரையும் தொடாதபோது ஃபவுல் எங்கிருந்து வந்தது? நடுவர் தப்பாக ஊதியதைத் தட்டிக் கேட்டதற்கா தண்டனை?

இவ்விரண்டுக்கும் விடை காண்பதற்கு, பேச்சுக்கு உரிமை யாரிடம் உள்ளது, எந்தத் தவறைக் கேட்டால் திருத்தம் கிடைக்கும், அதை எந்த நொடியில் கேட்க வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்படும் விதிகள் அனைத்துலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள். தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களின் விதிகள் பல இடங்களில் இவற்றிலிருந்து மாறுபடும். நம் ஊர்க் குழப்பத்தில் கணிசமான பங்கு அங்கிருந்து வருவதே.

திடலில் யாருக்கு வாய் உண்டு

ஆட்டத்தை நடத்துவோர் இரு குழுவினர். முதல் குழு, தலைமை நடுவரும் அவருக்குத் துணையாக ஒருவர் அல்லது இருவரும். பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இருவர்தான் இருப்பர். இரண்டாவது குழு, மேசை அதிகாரிகள்: புள்ளித் தாள் எழுதுபவர், அவருடைய உதவியாளர், நேரம் பார்ப்பவர், பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிய வேண்டிய நேரத்தை எண்ணும் எறிதல் கடிகாரத்தை இயக்குபவர். மேசை அதிகாரிகள் பதிவு செய்பவர்கள். ஃபவுலைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை அன்று. மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் போய், "சார், அது ஃபவுலே இல்லை" என்று முறையிடுவது, நீதிமன்ற எழுத்தரிடம் போய்த் தீர்ப்பைப் பற்றிச் சண்டை போடுவதற்கு ஒப்பாகும்.

அணியின் பக்கம் பேச்சுரிமை மூன்று படிகளாகப் பிரிந்திருக்கிறது.

1. தலைமைப் பயிற்றுநர் நடுவரிடம் பேசலாம். ஆனால் பந்து உயிரற்று (அதாவது ஆட்டத்தில் இல்லாமல்), ஆட்டக் கடிகாரமும் நின்றிருக்கும் நேரத்தில், மரியாதையாக, தகவல் பெறும் நோக்கில் மட்டுமே பேசலாம்.

2. முதல் உதவிப் பயிற்றுநர் நடுவரிடம் பேசவே கூடாது. அவர் தம் ஆட்டக்காரர்களுக்கு எழுந்து நின்று குரல் கொடுக்கலாம். ஆனால் தலைமைப் பயிற்றுநர், முதல் உதவியாளர் ஆகிய இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நிற்க முடியும். பெஞ்சில் உள்ள மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள்.

3. அணித் தலைவர், அதாவது ஆடிக்கொண்டிருக்கும் மாணவர், திடலுக்குள் அணியின் பிரதிநிதி. அவரும் பந்து உயிரற்றிருக்கும்போது நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கலாம்.

மூன்றாவது படியை நம் அணிகள் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை. காற்பந்தில் போல, கைப்பட்டை கட்டி, காசு சுண்டுவதற்கு முன்னால் நிற்பதோடு அணித் தலைவரின் வேலை முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். உண்மையில், கூடைப்பந்தில் பயிற்றுநரைவிட மூத்த பதவி அணித் தலைவருடையது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கி எழுதிய 13 விதிகளில் இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள்: ஒருவர் ஆட்களைக் கவனிப்பவர், மற்றவர் பந்தைக் கவனிப்பவர். அணித் தலைவர்களும் வருகிறார்கள். சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. பயிற்றுநர் என்ற ஆள் அந்த 13 விதிகளில் எங்கும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1940களின் இறுதிவரை டைம் அவுட் நேரத்தில்கூடப் பயிற்றுநர் தம் ஆட்டக்காரர்களிடம் பேச அனுமதி இருக்கவில்லை. பின்னாளில் வந்து சேர்ந்த ஒருவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளிக்கப்பட்ட இடம் இது. அதனால்தான் அந்த இடத்தைச் சுற்றி இத்தனை வேலிகள்.

டெக்னிக்கல் ஃபவுல் என்ற பெயரும் பொருளும்

தொடக்கத்தில் சொன்ன காட்சியில் நடுவர் ஊதியது டெக்னிக்கல் ஃபவுல். அந்தப் பெயர் குழப்பத்தைத் தருகிறது. டெக்னிக்கல் என்றதும் ஏதோ நுட்பமான ஆட்டப் பிழை என்று தோன்றும். பொருள் அதுவன்று: ஆளோடு ஆள் மோதாமல் நிகழும் நடத்தைத் தவறுக்கும், நிர்வாக ஒழுங்கை மீறுவதற்கும் பொதுவான பெயர் அது. நடுவரின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது, நடுவரிடமோ மேசை அதிகாரிகளிடமோ எதிரணியிடமோ மரியாதையின்றிப் பேசுவது, பார்வையாளரைப் புண்படுத்தும் அல்லது தூண்டிவிடும் சொல்லும் சைகையும், வேண்டுமென்றே ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது, அடிபடாமலே அடிபட்டதாக நடிப்பது ஆகியவை விதிநூலின் பட்டியலில் உள்ளவை. பெஞ்சில் இருப்போருக்கு, நடுவரைத் தொடுவதும் இதில் சேரும். தோளில் கை போட்டுப் பேசுவது நம் ஊரில் நட்பின் அடையாளம் என்றாலும், ஆட்டத்தின் நடுவே அது தவறாகவே கொள்ளப்படும்.

தண்டனை எளிமையானது. எதிரணிக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பாரின்றிக் கோட்டில் நின்று கூடைக்கு எறியும் வாய்ப்பு. எதிரணியில் யார் வேண்டுமானாலும் அதை எறியலாம். சிறந்த எறிகாரரை அனுப்புவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எறிந்த பிறகு, ஆட்டம் நின்றபோது பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே திரும்பும். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் "இரண்டு எறிதலும் பந்தும் போகும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014-க்கு முன் அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு எறிதல் ஒன்றாகக் குறைந்தது. பின்னர் பந்தைப் பறிக்கும் பகுதியும் நீக்கப்பட்டது.

ஆட்டக்காரர் செய்யும் டெக்னிக்கல் ஃபவுல் அவருடைய ஐந்து ஃபவுல் கணக்கிலும் அணியின் ஃபவுல் கணக்கிலும் சேரும். பெஞ்சிலிருந்து வருவது அணி ஃபவுல் கணக்கில் சேராது. மாறாக, அது முழுவதும் தலைமைப் பயிற்றுநரின் பெயரில் எழுதப்படும். அவரே செய்தால் 'சி' என்றும், பெஞ்சில் உள்ள வேறொருவர் செய்தால் 'பி' என்றும் புள்ளித் தாளில் குறிக்கப்படும். பயிற்றுநரை வெளியேற்றும் கணக்கு இதிலிருந்து பிறக்கிறது:

1. இரண்டு 'சி' ஆனால் வெளியேற வேண்டும்.
2. மூன்று 'பி' ஆனாலும் வெளியேற வேண்டும். அவர் வாயே திறந்திருக்காவிட்டாலும்.
3. இரண்டு 'பி', ஒரு 'சி' என்று கலந்து மூன்றானாலும் அதே முடிவு.

காற்பந்தில் பழகியவர்களுக்கு இந்த 'பி' கணக்கு அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் 2019-இல் காற்பந்துச் சட்டங்கள் பயிற்றுநர் குழுவுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கொண்டுவந்தபோது, தவறு செய்தவர் யாரென்று அடையாளம் காண முடியாவிட்டால் அங்குள்ள மூத்த பயிற்றுநருக்கே அட்டை என்று எழுதிவைத்தன. இரண்டு ஆட்டங்களும் பெஞ்சை ஒரு வீடாகப் பார்க்கின்றன. வீட்டுக்கு ஒரு பொறுப்பாளி. கூடைப்பந்து இதில் ஒரு படி மேலே போகிறது: கத்தியவர் யாரென்று தெரிந்திருந்தாலும் கணக்கு பயிற்றுநருக்கே. நம் ஆட்டங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து மாமா ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு பெஞ்சின் ஓரத்தில் வந்து அமர்வது வழக்கம். அணிக்குழுவில் ஒருவராக அவரைச் சேர்த்து அமர்த்திய பிறகு, அவர் விடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பயிற்றுநரே விலை கொடுக்கிறார்.

எந்தத் தவறைக் கேட்டால் பலன் உண்டு

"நடுவர் தவறே செய்ய மாட்டாரா?" என்ற கேள்வி அடுத்து வரும். செய்வார். விதிநூலும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் தவறுகளை அது ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்ட பயிற்றுநர் பாதி டெக்னிக்கல் ஃபவுல்களைத் தவிர்த்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதல் வகை: கண்ணின் தீர்ப்பு. இருவர் மோதிக்கொண்டார்கள், குற்றம் யாருடையது? பந்துடன் பாய்ந்தவர் மீதா, குறுக்கே நின்றவர் மீதா? கூடைப்பந்தில் அதிகச் சண்டையை மூட்டும் கேள்வி இதுவே. தற்காப்பாளர் எதிராளியை நோக்கி நின்று, இரு கால்களும் தரையில் பட, முறையான நிலையை முதலில் அடைந்துவிட்டாரா என்பதே அளவுகோல். அதைத் தீர்மானிக்க, நடுவர் மோதலுக்கு முன்பிருந்தே தற்காப்பாளரைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்றுநரோ தம் பந்துக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மோதலின் கடைசிக் காட்சி மட்டுமே அவர் கண்ணில் பட்டிருக்கும். இதைவிட முக்கியமானது கோணம். ஒரு நடுவர் கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டருகே நின்று, இரு ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகப் பார்க்கிறார். பயிற்றுநர் பக்கக் கோட்டிலிருந்து, அடுக்காக நிற்கும் முதுகுகளைப் பார்க்கிறார். கை பட்டதாக அவர் சொல்வது பொய் அன்று. அவர் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இந்த வகைத் தீர்ப்பை வாதாடி மாற்ற வழியே இல்லை. நடுவரின் முடிவு இறுதியானது என்று விதி நேராகவே சொல்கிறது.

தொலைக்காட்சியில் பயிற்றுநர்கள் காற்றில் சதுரம் வரைந்து காணொளி மறுபார்வை கேட்பதைப் பார்த்திருப்போம். என்.பி.ஏ. அந்த உரிமையை 2019-20 பருவத்தில் கொடுத்தது. ஃபிபா 2022-இல் ஆட்டத்துக்கு ஒரு முறை என்று கொடுத்தது. மறுபார்வைக் கருவி பொருத்தப்பட்ட அரங்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். தகரக் கூரையும் மடக்கு மேசையும் உள்ள திடலில் சதுரம் வரைந்து காட்டினால், அதை நடுவர் கேலியாகவே எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை.

இரண்டாம் வகை: விதியைப் பொருத்துவதில் பிழை. இங்கே பயிற்றுநரின் வாய்க்கு உண்மையான மதிப்பு உண்டு. தகுதியில்லாத ஃப்ரீ த்ரோவைக் கொடுத்துவிடுவது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது, தவறான ஆளை எறியவிடுவது, புள்ளியைத் தவறாகச் சேர்ப்பது அல்லது நீக்குவது ஆகியவை திருத்தக்கூடிய பிழைகள் என்று விதிநூல் தனியாக வகைப்படுத்துகிறது. ஆனால் காலக்கெடு மிகவும் இறுக்கமானது. பிழைக்குப் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கி, அதற்கடுத்து முதல் முறையாகப் பந்து உயிரற்று நிற்கும் அல்லவா? மீண்டும் பந்து உயிர்பெறுவதற்குள் பிழை சுட்டிக்காட்டப்பட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றான ஒரு காலாட்டத்தில் ஓர் அணி நான்கு ஃபவுல் செய்து முடித்த பிறகு, அடுத்து வரும் தற்காப்பு ஃபவுல்களுக்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு. எதிரணியின் ஐந்தாவது ஃபவுலை நான்காவது என்று தவறாக எண்ணி, நடுவர் நமக்குப் பக்கக் கோட்டிலிருந்து பந்தை மட்டும் கொடுத்துவிடுகிறார். ஆட்டம் ஓடுகிறது, 20 விநாடியில் பந்து கோட்டைத் தாண்டுகிறது, விசில். இதுதான் அந்த நேரம். பயிற்றுநர் மேசையருகே சென்று, "அவர்களுடைய அணி ஃபவுல் எத்தனை?" என்று கேட்டால், மேசை சரிபார்க்கும், நடுவரை அழைக்கும், பிழை திருத்தப்படும். அந்த நேரத்தை, ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்த மோதலைப் பற்றிக் கத்துவதில் செலவழித்துவிட்டால், கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆட்டக்காரரின் கைக்குப் பந்து போய்விடும். அதோடு இரண்டு ஃப்ரீ த்ரோவும் போனவை போனவையே. கோபத்தால் விளையும் நட்டத்தில் மிகப் பெரியது இதுதான். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் நடப்பதும் இதுதான்.

மூன்றாம் வகை: பதிவுப் பிழை. புள்ளி, ஃபவுல் எண்ணிக்கை, டைம் அவுட் எண்ணிக்கை ஆகியவை தவறாக எழுதப்பட்டிருந்தால், தலைமை நடுவர் புள்ளித் தாளில் கையெழுத்திடும் வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இதற்கு அவசரமும் வேண்டாம், குரலும் வேண்டாம். அணியின் சார்பில் தனியாக ஒரு நோட்டில் கணக்கு எழுதும் மாணவர் ஒருவர் இருந்தால் போதும்.

மூன்று வகையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நம் பயிற்றுநர்கள் பெரும்பாலும் உரத்துப் பேசுவது முதல் வகையைப் பற்றி. திருத்தம் கிடைப்பதோ மற்ற இரண்டில். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தும் நேரம்தான் பிசகு.

கேட்கும் முறை: நேரம், இடம், சொல், கை

ஃபவுல் ஊதிய நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, மேசையின் பக்கம் வந்து, ஆட்டக்காரரின் எண்ணையும் ஃபவுலின் வகையையும் தண்டனையையும் கைச்சைகையால் காட்டுவார். பெஞ்சுகள் இரண்டும் மேசையின் இரு புறமும் இருப்பதால், பயிற்றுநருக்கு நடுவர் மிக அருகில் வரும் தருணம் அதுவே. சைகை முடியும்வரை பொறுத்து, பெஞ்சுப் பகுதியின் எல்லைக் கோட்டுக்குள் நின்றபடி, ஒரே கேள்வி கேட்கலாம். சைகையின் நடுவே குறுக்கிட்டால் மேசைக்குத் தவறான எண் போய்ச் சேரும். அது மூன்றாம் வகைப் பிழையாகித் திரும்பி வரும்.

கேள்வியின் வடிவம் முக்கியம். "துவான், நொம்போர் துஜு, ஃபவுல் அப்பா?" என்பது ஏழாம் எண் ஆட்டக்காரர் செய்த ஃபவுல் என்ன என்று மலாயில் மரியாதையாகக் கேட்கும் கேள்வி; 'துவான்' என்றால் ஐயா. அதற்கு "கை" என்றோ "தள்ளல்" என்றோ ஒரு சொல்லில் விடை வரும். அந்த விடை பயிற்றுநருக்கு உடனே பயன்படும்: ஏழாம் எண்ணைக் கூப்பிட்டு, கையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். "இதெல்லாம் ஒரு ஃபவுலா?" என்பதும் இலக்கணப்படி கேள்விதான். ஆனால் அதற்கு நடுவர் தரக்கூடிய விடை எதுவும் இல்லை. விடையே இல்லாத கேள்வியை, அதுவும் நூறு பேர் முன்னிலையில், ஒருவரிடம் இரண்டு மூன்று முறை கேட்டால், அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே விடை விசில்தான்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பட்டணங்களுக்கே உரிய சிக்கல் இது. பயிற்றுநர் பிள்ளைகளிடம் தமிழில் பேசுகிறார். நடுவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். அவர் காதில் சொற்கள் விழுவதில்லை. ஓசையும் முகமும் கையும்தான் விழுகின்றன. தமிழில் உரத்த குரல் கோபத்துக்கு மட்டும் உரியதன்று. அக்கறைக்கும் அதே சுருதிதான். தம் மாணவரைப் பார்த்து "என்னடா பண்ற, கண்ணு தெரியலையா?" என்று பயிற்றுநர் கத்துகிறார். அந்த நொடியில் அவர் பார்வை நடுவரின் பக்கம் இருந்தால், நடுவர் அதைத் தமக்கு வந்த அம்பாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே, ஆட்டக்காரரைத் திட்டும்போது எண்ணையோ பெயரையோ முதலில் சொல்லி, முகத்தையும் அவர் பக்கம் திருப்புவது நல்லது. தமிழ் தெரியாது என்று நம்பி நடுவரைத் தமிழில் ஏசுவது மடமை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் நம் ஏச்சுச் சொற்களில் ஏழெட்டாவது தெரியும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. நடுவர் தமிழராகவும் ஊர்க்காரராகவும் இருந்தால், வெளியே "அண்ணே" என்று கூப்பிடும் பழக்கம் திடலுக்குள்ளும் நுழைந்துவிடும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் எதிரணிப் பெஞ்சிலிருந்து பார்ப்பவருக்கு அது உறவுமுறையாகத் தெரியும்; அடுத்த சந்தேகமான முடிவு நம் பக்கம் வந்தால், அந்த அண்ணனின் நேர்மைமீது கறை விழும். பயிற்றுநருக்கு அவர்மீது உண்மையிலேயே அன்பு இருக்குமானால், நாற்பது நிமிடத்துக்கு அவரைச் 'சார்' என்றோ 'துவான்' என்றோ அழைப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

சொல்லைவிடக் கைதான் அதிக டெக்னிக்கல் ஃபவுல்களைக் கொண்டுவருகிறது. தனியாகச் சொன்ன சொல்லை நடுவர் கேளாதவர் போல் விட்டுவிடலாம். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி விரித்துக் காட்டுவது, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சாட்சிக்கு அழைப்பது, கேலியாகக் கைதட்டுவது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டுவது முதலியவற்றைத் திடல் முழுவதும் பார்த்துவிடுகிறது. எல்லாரும் பார்த்ததை நடுவர் மட்டும் பார்க்காததுபோல் இருக்க முடியாது.

நடுவர் தர வேண்டியது

மரியாதை ஒருவழிப் பாதையாக இருந்தால் நெடுநாள் நீடிக்காது. தீங்கு நினையாமல் செய்யப்பட்ட, ஆட்டத்தை நேரடியாகப் பாதிக்காத சிறு மீறல்களை எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றும், அது திரும்ப நடந்தால் ஊதலாம் என்றும் விதிநூலே இடம் கொடுக்கிறது. ஆகவே, பயிற்றுநர் கோட்டைத் தாண்டி ஓரடி வைத்ததற்கெல்லாம் முதல் நிமிடத்திலேயே ஊதும் நடுவர் விதியை மீறவில்லை என்றாலும், விதி தமக்குத் தந்த கருவியில் பாதியைப் பயன்படுத்தவில்லை. உள்ளங்கையைக் காட்டி "போதும், சார்" என்று தெளிவாகச் சொல்வதே எச்சரிக்கை. அதைப் பயிற்றுநரும் பார்த்திருக்க வேண்டும், மற்ற நடுவரும் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த விசில் யாருக்கும் வியப்பாக இராது.

நம் வட்டாரத்துச் சிறு போட்டிகளில் குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நடுவர்களில் சிலர் பேசவே கூடாது என்று நினைக்கிறார்கள். மரியாதையாகக் கேட்ட முதல் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், இரண்டாவது கேள்வி சற்று உரத்து வருகிறது, மூன்றாவதுக்கு விசில். "பார்த்தேன், கை பட்டது" என்ற மூன்று சொல் முதலிலேயே வந்திருந்தால் எல்லாம் அங்கேயே அடங்கியிருக்கும். மோதலைப் பார்க்கவில்லை என்றால், "என் கோணத்தில் தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்வதாலும் நடுவரின் அதிகாரம் குறைவதில்லை. அதே நேரத்தில், ஒரு தவறான முடிவுக்கு ஈடாக எதிர்முனையில் இன்னொரு தவறான முடிவைக் கொடுப்பது மிகக் கெட்ட பழக்கம். இரு பெஞ்சும் அதைக் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு, கத்தினால் கிடைக்கும் என்ற பாடத்தை நடுவரே கற்றுக்கொடுத்தவராகிறார்.

பயிற்றுநர் வெளியேறினால் என்ன நடக்கும்

வெளியேற்றப்பட்ட பயிற்றுநர் தம் அணியின் உடை மாற்றும் அறைக்குச் சென்று அங்கேயே இருக்க வேண்டும். அல்லது விரும்பினால் கட்டடத்தை விட்டுப் போகலாம். விதியை எழுதியவர்கள் மூடிய அரங்கை நினைத்து எழுதியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் திறந்த சிமெண்டுத் திடலில் அறைக்கு எங்கே போவது? நடைமுறையில் அவர் வந்த பள்ளி வேன்தான் அந்த அறை. வேலிக்கு வெளியே நின்று கையசைத்து அணியை நடத்துவது வெளியேறியதாகாது.

அவருடைய இடத்துக்கு முதல் உதவிப் பயிற்றுநர் வருவார். புள்ளித் தாளில் உதவிப் பயிற்றுநர் பெயர் எழுதப்பட்டிருக்காவிட்டால், அணித் தலைவரே பயிற்றுநராகச் செயல்பட வேண்டும். தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இந்த வரி மிகவும் கனமானது. பல அணிகளோடு வருவது ஒரே ஆசிரியர். அவரே பயிற்றுநர், அவரே முதலுதவிக்காரர், பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவர் இரண்டாவது 'சி' வாங்கும்போது, பதினைந்து வயது மாணவர் ஒருவர் ஆடிக்கொண்டே டைம் அவுட் கேட்டு, ஆள் மாற்றி, நண்பனைப் பெஞ்சுக்கு அனுப்பும் முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பயிற்றுநர் பெயர்ப் பட்டியலை உறுதிசெய்து கையெழுத்திடும் முன், பொறுமையான இன்னோர் ஆசிரியரின் அல்லது முன்னாள் மாணவரின் பெயரை உதவிப் பயிற்றுநர் வரியில் சேர்த்துவிடுவது நல்லது. அந்த வரியைக் காலியாக விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பார்வையாளரின் பங்கையும் விட்டுவிட முடியாது. "என்ன சார், சும்மா உட்கார்ந்திருக்கீங்க, எழுந்து கேளுங்க" என்று பின்னாலிருந்து வரும் குரல் பல பயிற்றுநர்களை எழுப்பியிருக்கிறது. நியாயம் கேட்காதவன் கோழை என்ற எண்ணம் தோட்டத்து வாழ்க்கையில் காரணமின்றிப் பிறந்ததன்று. கூலிக் கணக்கில் குறை வந்தால், மேற்பார்வையாளரான தண்டலிடமும் எழுத்தரான கிராணியிடமும் போய் நின்று கேட்டவரால்தான் லயத்துக்கு ஏதாவது கிடைத்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் திருத்தக்கூடிய கணக்கு ஒன்று இருந்தது. முதல் வகைத் தீர்ப்புக்குப் பின்னால் அப்படி ஒரு கணக்கு இல்லை என்பதைப் பயிற்றுநர் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால், பின்னாலிருந்து வரும் குரல் கொஞ்சம் குறையும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் இது இன்னும் அவசியம். அடுத்த முறை நடுவரின் விசில் ஒலிக்கும்போது அந்த வயதுப் பிள்ளை பந்தைப் பார்க்காமல் பெஞ்சைத்தான் திரும்பிப் பார்க்கும்.

கடைசி மணிக்குப் பிறகு

நடுவர்களின் அதிகாரம் ஆட்டம் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஆட்டம் முடிந்த பிறகும், கையெழுத்துக்கு முன் நடக்கும் தகாத செயல்களைத் தலைமை நடுவர் புள்ளித் தாளின் பின்புறத்தில் எழுதி அறிக்கை தர வேண்டும். ஆகவே, கடைசி மணி அடித்துவிட்டது, இனி மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடலாம் என்று நினைப்பது தவறான கணக்கு. அப்போது ஃப்ரீ த்ரோ கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அறிக்கை போட்டி ஏற்பாட்டாளரின் கைக்குப் போகும், அங்கிருந்து வரும் தண்டனை அடுத்த ஆட்டத்தையே பாதிக்கலாம்.

முறையான எதிர்ப்புக்கு வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் தலைமை நடுவரிடம் தெரிவித்து, புள்ளித் தாளில் அதற்கென உள்ள அணித் தலைவர் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். காரணங்களை ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புள்ளி, நேரம், எறிதல் கடிகாரம் ஆகியவற்றில் திருத்தப்படாமல் போன பிழை, ஆட்டத்தைக் கைவிடுதல் அல்லது ஒத்திவைத்தல் பற்றிய முடிவு, ஆட்டக்காரரின் தகுதி விதி மீறல் ஆகியவையே எதிர்ப்புக்குரிய காரணங்கள். மோதலில் யார் குற்றவாளி என்ற கண்ணின் தீர்ப்பு இங்கும் இடம்பெறவில்லை.

தலைமை நடுவர் கையெழுத்திட்டதும் அந்த ஆட்டத்தோடு நடுவர்களுக்குள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. சிறு பட்டணத்தில் மனிதத் தொடர்பு அப்படி முடிவதில்லை. சனிக்கிழமை விசில் ஊதியவர் திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுப்பார். இரவில் அதே ஒட்டுக்கடையில் அடுத்த மேசையில் தே தாரேக் குடிப்பார். அங்கே, பந்தும் கடிகாரமும் இல்லாத இடத்தில், "மூன்றாவது காலாட்டத்து மோதலில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" என்று பயிற்றுநர் கேட்கலாம். அவரும் மேசையில் இருக்கும் இரண்டு கிளாசுகளையும் நகர்த்தி வைத்து, ஒன்று தற்காப்பாளர், ஒன்று பந்துக்காரர் என்று காட்டக்கூடும்.